பொதுநன்மையும் பகுதியின் சுமையும்: காலநிலைக் கொள்கையை மலையகத்திலிருந்து நோக்கல்

ஓர் அரசு நாடு முழுவதற்குமென ஒரு கொள்கையை வகுக்கும்போது, அந்நாட்டின் எல்லாப் பகுதிகளும் அக்கொள்கையின்முன் ஒரே தன்மையன என்று கொள்ளப்படுகின்றன. சட்டத்தின் மொழி அவ்வாறே அமைதல் வேண்டும். ஒரே குற்றத்துக்குக் கொழும்பில் ஒரு தண்டனையும் ஹட்டனில் வேறொரு தண்டனையும் விதிக்கப்படுமாயின் அதனை நீதியென எவரும் ஒப்பார். ஆயின் மண், மழை, மலைச்சரிவு, பயிர் என்பன தொடர்பாக எடுக்கப்படும் தீர்மானங்களில் இச்சமத்துவம் எத்துணை தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. சொல்லளவில் அனைவர்க்கும் ஒன்றான விதி, செயலளவில் ஒருவன் தோளில் இறகாகவும் மற்றொருவன் தோளில் பாறையாகவும் இறங்கக்கூடும்.

காலநிலை மாற்றம் பற்றிய கொள்கைகள் இவ்வினாவை இன்று கூர்மையாக எழுப்புகின்றன. புவி வெப்பமடைதலைத் தணித்தல் மனிதகுலம் அனைத்துக்கும் நன்மை தருவதாகும். அதற்கான செலவோ எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு பற்றி நிறையவே பேசப்பட்டுள்ளது. ஒரு நாட்டுக்குள்ளேயே பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடும் சுமை பற்றி நம்மிடையே அத்துணை சிந்தனை எழவில்லை. பொதுநன்மையின் பொருட்டு நாட்டின் ஒரு பகுதி ஏனைய பகுதிகளினும் கூடிய சுமையைச் சுமக்குமாறு செய்யப்படுவது எந்நிலையில் நீதியாகும், எந்நிலையில் அநீதியாகும்? இவ்வினாவை நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தேயிலை நிலங்களை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலக மன்றில் நாம் கூறும் நியாயம்

1992 ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கைச்சாத்துக்கு வைக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றச் சமவாயம் ஓர் அறக்கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டது. பொறுப்பு அனைவர்க்கும் பொதுவானது. ஆயினும் அதன் அளவு வேறுபட்டது என்பதே அக்கோட்பாடு. கைத்தொழிற் புரட்சி முதல் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் திரட்டிய நாடுகளும், அச்செல்வத்தின் புகையை மட்டும் பெற்ற நாடுகளும் ஒரே அளவில் தியாகம் செய்ய வேண்டுமெனக் கூறுதல் நேர்மையன்று என்பதை உலகம் ஏட்டளவிலேனும் ஏற்றுக்கொண்டது. 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை தன் முகவுரையில் தொழிலாளருக்கு நீதியான மாற்றம் அமைய வேண்டும் என்பதையும் குறிப்பிட்டது. 2022 இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்குமென ஒரு நிதியம் அமைக்க இணக்கம் காணப்பட்டது.

இலங்கை இவ்வாதங்களை உலக மன்றில் தொடர்ந்து எடுத்துரைத்து வந்துள்ளது. உலகின் மொத்தப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் நமது பங்கு ஒரு சதவீதத்தின் சிறு பின்னத்தளவே. ஆயினும் 2050 ஆம் ஆண்டளவில் காபன் நடுநிலையை எய்துதல், 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுதல், வனப்பரப்பை 32 சதவீதமாக உயர்த்துதல் முதலிய இலக்குகளை 2021 இல் நாடு அறிவித்தது. சிறிதளவே தீங்கு செய்தவன் பெரும் சுமையைத் தாங்குகின்றான். ஆதலால் அவனுக்கு உதவியும் விலக்கும் காலமும் தரப்படல் வேண்டும் என்று நாம் கேட்கின்றோம். கேட்பது நியாயமே.

ஆனால் ஒரு நியாயம் உண்மையான நியாயமாயின் அது எல்லைக் கோட்டுடன் நின்றுவிடலாகாது. உலகத்தின் முன் இலங்கை எந்நிலையில் நிற்கின்றதோ, கொழும்பின் முன் மலையகம் பெரும்பாலும் அந்நிலையிலேயே நிற்கின்றது. லயத்து அறையொன்றில் வாழும் குடும்பம் வளிமண்டலத்துக்குச் செய்யும் தீங்கு யாது? குளிரூட்டியோ மோட்டார் வாகனமோ இல்லாத அக்குடும்பம், நகரத்து நடுத்தர வகுப்பினரோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிதளவே நுகர்கின்றது. வேறுபட்ட பொறுப்பு என்னும் கோட்பாட்டை வெளிநாட்டாரிடம் வலியுறுத்தும் அரசு, அதனைத் தன் எல்லைக்குள்ளும் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டதாகும்.

2021 ஆம் ஆண்டின் உரத்தடை

அக்கடமை எவ்வாறு தவறவிடப்படலாம் என்பதற்கு 2021 ஆம் ஆண்டின் உரத்தடை தக்க சான்றாகும். அவ்வாண்டு மே மாதம் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. மக்களின் உடல்நலம், நீர்நிலைகளின் தூய்மை என்பன அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் பின்னணியில் இருந்ததை யாவரும் அறிவர். அதே வேளை, அது ஒரு காலநிலைக் கொள்கையாகவும் உலகின்முன் வைக்கப்பட்டது. வயலில் இடப்படும் நைதரசன் உரத்தின் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக வளியிற் கலக்கின்றது. அவ்வாயு நிறைக்கு நிறை காபனீரொட்சைட்டிலும் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றலுடையது. நைதரசன் விரயத்தை 2030 அளவில் அரைவாசியாகக் குறைக்கும் கொழும்புப் பிரகடனம் 2019 ஒக்டோபரில் நமது தலைநகரிலேயே வெளியிடப்பட்டது. 2021 இன் இறுதிப் பகுதியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இக்கொள்கையை எடுத்துரைத்தார்.

நோக்கம் தவறானதென்று கூறுவதற்கில்லை. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் இம்மாற்றத்துக்குப் பத்தாண்டுக் காலம் குறிக்கப்பட்டிருந்தது. பத்தாண்டில் ஏறவேண்டிய மலையை ஒரே போகத்தில் ஏறுமாறு பணித்ததே தவறாயிற்று. இத்தவறு நாட்டின் எல்லா உழவரையும் தாக்கியது. ஆனால் எல்லோரையும் ஒரேவிதமாகத் தாக்கவில்லை என்பதே ஈண்டு நாம் கவனிக்க வேண்டியது.

தேயிலையின் விளைச்சல் காயோ கனியோ தானியமோ அன்று. இளந்தளிரே அதன் விளைச்சல். தளிரை வளர்ப்பது நைதரசன். கொழுந்து கொய்யுந்தோறும் மண்ணிலிருந்து நைதரசன் வெளியேறிக்கொண்டே இருக்கின்றது. ஒன்றரை நூற்றாண்டாக இவ்வாறு பறிக்கப்பட்டு, மேல்மண்ணும் மழையில் அரிக்கப்பட்டுள்ள உயர்நிலத் தோட்டங்கள், வெளியிலிருந்து இடப்படும் உரத்தையே பெரிதும் நம்பி நிற்கின்றன. நெல் ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்தில் புதிதாக விதைக்கலாம். தேயிலை பல பத்தாண்டுகள் நிற்கும் செடி. அதன் நலிவு மெல்லத் தோன்றி மெல்லவே நீங்கும்.

சேதன உரத்தால் இக்குறையை ஈடுசெய்யலாம் என்று கூறப்பட்டது. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். சாதாரணக் கூட்டெருவில் ஒன்று அல்லது இரண்டு சதவீதமே. எனவே அதே அளவு நைதரசனை மண்ணுக்குக் கொடுக்க இருபது மடங்குக்கு மேற்பட்ட எடையைக் கொண்டுசெல்ல வேண்டும். சமதரை வயலில் இது வண்டியின் வேலை. செங்குத்தான தேயிலை மலையில் இது மனித முதுகின் வேலை. தலைநகரில் எழுதப்பட்ட ஒரு வாக்கியம் தலவாக்கலைச் சரிவில் எத்தனை மூட்டைகளாக மாறும் என்பது கணக்கிடப்பட்டதாகத் தெரியவில்லை.

விளைவு எண்களில் தெரிந்தது. 2021 இல் ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 25 கோடியே 10 இலட்சம் கிலோவாக வீழ்ந்தது. எரிபொருள் நெருக்கடியும் மின்வெட்டும் இவ்வீழ்ச்சிக்குத் துணைபுரிந்தன என்பது உண்மையே. ஆயினும் உரமின்மையின் பங்கு அதில் பெரிது. தேயிலைக்குரிய உரத்துக்கு 2021 ஒக்டோபரில் விலக்கு அளிக்கப்பட்டு, நவம்பர் இறுதியில் பொதுத் தடையும் தளர்த்தப்பட்டது. அதற்குள் உரத்தின் விலை பன்மடங்கு ஏறிவிட்டது.

எண்களுக்கு அப்பால் நோக்குவோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்தின் பயன் அது. ஆனால் முழு நாட்சம்பளம் பெறுவதற்கு குறித்த அளவு கொழுந்து நிறுவையில் காட்டப்பட வேண்டும். உரமற்ற மலையில் தளிர் அருகும்போது, அதே கைகள் அதே நேரம் உழைத்தும் நிறுவை குறைகின்றது. நிறுவை குறைந்தால் அரைப்பேர். செடியின் பசி தொழிலாளியின் பசியாக மாறும் முறை இதுவே. 2022 ஜனவரியில் உரத்தடையால் விளைச்சல் இழந்த நெற்செய்கையாளருக்கு 4000 கோடி ரூபா நட்டஈடு வழங்க அரசு முன்வந்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவ்வறிவித்தல் நெற்செய்கையாளரைக் குறித்ததாகவே இருந்தது. நெல் விளைவிப்பவன் நிலத்துக்குரியவன். அவன் இழப்பு இழப்பாகத் தெரிந்தது. கொழுந்து பறிப்பவள் கூலிக்குரியவள். அவள் இழப்பு குறைந்த வரவாகச் செக்குறோலில் பதிவாகி மறைந்தது.

இதற்கு முன்னரும் இதுபோன்றதொன்று நிகழ்ந்துள்ளது. வடமத்திய மாகாண விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோயை முன்னிட்டு, 2015 இல் கிளைபோசேட் என்னும் களைகொல்லி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. உலர்வலயத்தின் துயரத்துக்கு மருந்தாக வந்த அத்தடை மலைநாட்டில் களை மண்டிய தோட்டங்களைத் தந்தது. புதர்களுக்கிடையே அட்டைக்கும் பாம்புக்கும் குளவிக்கும் அஞ்சிக் கொழுந்து பறிக்க நேர்ந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டது. ஆனால் அம்மருந்தை முதுகில் சுமந்து தெளிப்பவரும் தோட்டத் தொழிலாளரே. தடையால் அவர்தம் உடல் நலம் பெற்றிருக்கலாம். தளர்வால் அது மீண்டும் இடருக்குள்ளாகியிருக்கலாம். தடை விதித்தபோது உலர்வலயத்தின் நலம் பேசப்பட்டது. தடை தளர்த்தியபோது ஏற்றுமதியின் நலம் பேசப்பட்டது. இருமுறையும் தெளிப்பவனின் விருப்பம் யாதென எவரும் கேட்கவில்லை.

நீரும் மின்னும்

காலநிலையைக் காக்கும் பெருவழிகளுள் நீர்மின்சாரம் ஒன்று. அம்மின்சாரத்தின் தாயகம் மலையகம். விமலசுரேந்திரவின் கனவாகிய லக்சபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. 1960 களில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீரில் அமிழ்ந்தது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் தாழும்போது அங்கிருந்த வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது. அதற்காகப் பல நூறு குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. அவர்களுட் பலர் முன்னிலும் மேலான வீடுகளைப் பெற்றனர் என்பதையும் மறைத்தலாகாது. சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் பெருக்கு குறைந்தது.

இவ்வணைகள் வேண்டாதவை என்று கூறுவது எமது கருத்தன்று. நிலக்கரிப் புகையினும் நீரின் ஆற்றல் சிறந்தது. ஆனால் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவரென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. இம்மக்களின் குடியுரிமைச் சிக்கல் சட்டப்படி முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லக்சபானவும் காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் எழுந்த காலம், அம்மலைகளில் உழைத்தவருட் பெரும்பாலோர் வாக்கற்றிருந்த காலமாகும். நாட்டுக்கு ஒளி தந்த மலையில், லயங்களுக்கு மின்னொளி நெடுங்காலம் பிந்தியே வந்தது.

மலையகம் கொடுப்பது மின்சாரம் மட்டுமன்று. மகாவலியும் களனியும் இம்மலைகளிலிருந்தே நீர் பெறுகின்றன. 1976 இல் பொல்கொல்லையில் நீர் திருப்பப்பட்டது முதல், மலையில் விழுந்த மழை வடமத்திய சமவெளிகளில் நெல்லாக விளைகின்றது. இவ்வூற்றுக்களைக் காக்கும் எண்ணம் புதிதன்று. தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 1873 இல் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதையும் அழிப்பதையும் குடியேற்ற அரசு தடைசெய்தது. அதற்குக் கீழ் இருந்த காடுகளிற் பெரும்பகுதி அதற்குள் கோப்பிக்காக வெட்டப்பட்டிருந்தது. எஞ்சிய மரங்களைக் காக்க விதி பிறந்தது. வெட்டிய மலையில் உழைத்தவரைக் காக்க அத்தகைய விதி பிறக்கவில்லை.

பேரிடரைத் தாங்கும் ஏற்பாடுகளிலும் இவ்வேற்றுமை உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகள் பலவாகவே இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைக் கொடுமையாகத் தாக்கின. நாடளாவிய நிலையில் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எச்சரிக்கை கிடைத்ததும் எங்கே போவது? சொந்தக் காணியுடையவன் வேறிடத்தில் வீடு கட்ட எண்ணலாம். லயத்தில் வாழ்பவனுக்கு நிலமும் அவனுடையதன்று, கூரையும் அவனுடையதன்று. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும்வரை, தோட்டங்களுக்குள் பிரதேச சபையின் நிதியைச் செலவிடுவதற்கே சட்டத்தடை இருந்தது. இவ்வாறு கொள்கைகள் வந்துசேரும் வாயில்களே அடைபட்டிருந்த இடத்தில், நாடு முழுவதற்குமான இசைவாக்கத் திட்டம் என்பது எத்துணை பொருளுடையது?

அறவியல் நோக்கில்

பெந்தமும் அவர்வழி வந்தோரும் மிகப்பலரின் மிகுந்த இன்பமே அறத்தின் அளவுகோல் என்றனர். இவ்வளவுகோலின்படி, சமவெளியிற் பல இலட்சம் பேர் பெறும் நன்மையோடு மலையிற் சிலர் படும் துன்பம் கூட்டிக் கழிக்கப்படும். மிச்சம் நன்மையாயின் கொள்கை நன்றாகும். இக்கணக்கில் ஒரு குறையுண்டு. இன்பத்தைப் பெறுபவன் ஒருவன். துன்பத்தைப் பெறுபவன் வேறொருவன். ஒரே மனிதன் நாளைய நலத்துக்காக இன்று கசப்பு மருந்தை உண்ணலாம். ஒருவன் உண்ணும் கசப்பு மற்றொருவன் நோயைத் தீர்க்குமாயின், அதனை அவனுக்கு ஊட்டுவதற்கு நமக்குள்ள உரிமை யாது?

அரிஸ்டோட்டில், சமமானவர்களைச் சமமாகவும் சமமற்றவர்களை அவர்தம் வேறுபாட்டுக்கேற்பவும் நடத்துதலே நீதியென்றார். ஒரே உரத்தடையை வயலுக்கும் தேயிலை மலைக்கும் விதித்தல், வேறுபட்டவற்றை ஒன்றாக நடத்தியமையின் அநீதியாகும். 1971 இல் வெளிவந்த நூலில் ஜோன் றோல்ஸ் இதனினும் ஒரு படி மேற்சென்றார். ஒரு சமுதாயத்தில் தாம் எவ்விடத்திற் பிறப்போம் என்பதை அறியாதவர் அச்சமுதாயத்துக்கு விதி செய்வாராயின், கடைநிலையில் உள்ளவருக்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வை அவர் அனுமதியார் என்பது அவர் வாதம். உரத்தடையை வகுத்த மேசையைச் சுற்றி இருந்தோர், தாம் நாளை கொழுந்துக்கூடை சுமப்பவராகவும் இருக்கக்கூடும் என்று எண்ணியிருப்பின், பத்தாண்டை ஒரு போகமாகச் சுருக்கியிருப்பரா? நமது மரபும் இதற்கு அயலானதன்று. பொருளைச் சேர்ப்பதோடு அதனை முறையாகப் பங்கிடுதலையும் அரசின் திறமாகக் கருதியவர் வள்ளுவர். பங்கீடு என்பது பொருளுக்கு மட்டுமன்றி இழப்புக்கும் உரியதே.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சமமற்ற சுமை யாவும் அநீதியன்று என்பது தெளிவாகும். இயற்கையே நிலங்களை வேறுபடுத்தியுள்ளது. அணையை ஆறு பாயும் பள்ளத்தாக்கில்தான் கட்டலாம், யாழ்ப்பாணத்தில் கட்டவியலாது. சமமற்ற சுமை அநீதியாவது மூன்று நிலைகளில் என்று கூறலாம். சுமப்பவரைக் கேளாமலே சுமை ஏற்றப்படுவது முதலாவது. சுமையை இறக்கவோ தாங்கவோ அவருக்கு வழியின்மை இரண்டாவது. சுமையால் விளையும் பயனில் அவருக்குப் பங்கின்மை மூன்றாவது. இம்மூன்றும் ஒருங்கு சேருமிடத்து, நாம் அதனைத் தியாகம் என்று அழைத்தல் சொல்லுக்குச் செய்யும் குற்றமாகும். தானே முன்வந்து கொடுப்பதே தியாகம். பிறர் கையிலிருந்து எடுத்துப் பொதுவிற் சேர்ப்பதற்குத் தமிழில் வேறு சொல் உண்டு.

எழக்கூடிய மறுப்புகள்

ஒவ்வொரு பகுதியும் தனக்கு விலக்குக் கேட்குமாயின் தேசியக் கொள்கை என ஒன்று எஞ்சுமா என ஒருவர் வினவலாம். இவ்வினா மதிக்கத்தக்கது. ஆனால் இங்கு கோரப்படுவது விலக்கு அன்று. ஜேர்மனி நிலக்கரியைக் கைவிடத் தீர்மானித்தபோது, நிலக்கரிப் பிரதேசங்களுக்கு விலக்களிக்கவில்லை. 2038 வரையிலான காலத்தையும் 4000 கோடி யூரோ வரையிலான நிதியையும் 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒதுக்கியது. கொள்கை ஒன்றே, அதனை அடையும் காலமும் துணையும் பகுதிக்கேற்ப வேறுபட்டன. செல்வநாட்டின் தொகையை நாம் ஒதுக்கவியலாது. அம்முறையை மேற்கொள்வதற்குச் செல்வம் தேவையில்லை.

காலநிலை மாற்றத்தால் மிகுதியும் துன்புறுவது மலையகமே. ஆதலால் அதனைத் தடுக்கும் கொள்கையால் மிகுதியும் நன்மை பெறுவதும் அதுவே என்பது இன்னொரு வாதம். இதில் உண்மையுண்டு. ஆனால் இலங்கை தன் வெளியேற்றம் முழுவதையும் நிறுத்தினும், புவியின் வெப்பநிலையில் தோன்றும் வேறுபாடு அளவிடற்கரிய சிறுமையது. இன்று இழக்கும் அரைநாட் கூலியோ உறுதியானது. நுவரெலியாவின் சரிவுகளுக்கு உடனடியாகத் தேவைப்படுவது பாதுகாப்பான இடத்தில் உரித்துடைய வீடும் முறையான வடிகாலுமே. தணித்தல் பற்றிய கொள்கை மலையகத்திடம் கேட்டுப் பெறுகின்றது. இசைவாக்கம் பற்றிய கொள்கை மலையகத்துக்குக் கொடுக்க வேண்டியதாகும். முன்னது விரைந்து வருவதும் பின்னது தாமதிப்பதும் தற்செயலன்று.

மூன்றாவது மறுப்பே மிகவும் ஆழமானது. பிரதேசம் துன்புறுவதில்லை, மனிதரே துன்புறுகின்றனர் என்பது அது. மலையகம் என்பது ஒரே மனிதனல்லன். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் அரைவாசிக்குச் சற்று மேற்பட்டோரே இந்தியத் தமிழர். அதே மலைகளில் 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் தம் மூதாதையரின் நிலவுரிமை பறிக்கப்பட்ட கண்டிச் சிங்களக் கிராமத்தவரும் வாழ்கின்றனர். கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோர் உளர். தோட்டங்களை நடத்தும் கம்பனிகளும் உள. உரத்தடை இவர்கள் அனைவரையும் வருத்தியது. ஆயின் கம்பனி தன் இழப்பைத் தொழிலாளியின் வேலைநாளிற் குறைத்து ஈடுசெய்யலாம். மரக்கறித் தோட்டக்காரன் ஒரு போகம் நிலத்தைத் தரிசாக விடத் தீர்மானிக்கலாம். அத்தீர்மானம் வேதனை தருவதாயினும் அவனுடையது. தொழிலாளி தீர்மானிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. தெற்கே காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிறு தேயிலைத் தோட்டக்காரரும் வெகுவாக இழந்தனர். நாட்டின் தேயிலையிற் பெரும்பங்கு அவர்களுடையதே. மேலும் வெப்பம் உயர்கையில், தாழ்நிலத் தேயிலையே முதலில் வாடும் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

எனவே மலையகத்துக்கு நீதி என நாம் கூறும்போது, மலையின் பெயரால் கம்பனிக்குச் சலுகை கோருவதாக அது முடிந்துவிடலாகாது. பிரதேசம் என்பது அநீதியைக் காணுவதற்கு உதவும் கண்ணாடி. அக்கண்ணாடியினூடாக நாம் தேட வேண்டியது, அப்பிரதேசத்தின் கடைநிலை மனிதனை. இவ்வுண்மை கடலுக்கு அப்பாலும் பொருந்தும். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா சென்றோருட் பலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் வேலைக்கமர்த்தப்பட்டனர். 2022 இல் அத்தோட்ட நிலத்தின் ஒரு பகுதியை மீளவும் வனத்துறையிடம் ஒப்படைக்க அம்மாநில அரசு தீர்மானித்தது. காடு மீள்வது நன்றே. எனினும் ஒரே மக்கட் கூட்டத்தின் பெயர்த்தியர், இரு நாடுகளில், தமக்குச் சொந்தமில்லாத கூரையின்கீழ் இருந்து, எங்கே போவது என்று கேட்க நேர்வதை அறவுணர்வுடையோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவு இது. காலநிலையைக் காப்பது கடமை. அக்கடமையின் செலவை எவர் தருகின்றார் என்று கேட்பதும் அக்கடமையின் பகுதியே. நாடளாவிய ஒரு கொள்கை வகுக்கப்படுமுன், அதனால் மிகுதியும் தாக்கப்படும் பகுதியின் கடைநிலை உழைப்பாளர், தொழிற்சங்கத் தலைவர் மூலமாகவும் கம்பனி மூலமாகவும் மட்டுமன்றி நேரடியாகவும் கேட்கப்பட வேண்டும். விளைச்சல் குறையும் மாற்றக் காலத்தில் நிறுவை தளர்த்தப்பட்டு நாட்கூலி காக்கப்பட வேண்டும். நீரையும் மின்சாரத்தையும் காட்டையும் நாட்டுக்கு வழங்கும் மலைகளில் வாழ்வோருக்கு, மண்சரிவு எட்டாத இடத்தில் உரித்துடைய காணி வழங்கப்பட வேண்டும். இவை கருணையால் அளிக்கப்படும் கொடைகள் அல்ல. உலக மன்றில் நாம் நமக்கெனக் கேட்பவை எவையோ அவையே இவை.

பல்கலைக்கழகத்திற் கற்கும் நமக்கும் இதிற் பொறுப்புண்டு. நாளை இந்நாட்டின் திட்டங்களை எழுதும் மேசைகளில் நம்மிற் சிலர் அமரக்கூடும். அன்று நம்முன் விரிக்கப்படும் வரைபடத்தில் மலைகள் பச்சை நிறத்திலும் நீர்த்தேக்கங்கள் நீல நிறத்திலும் தீட்டப்பட்டிருக்கும். லயங்கள் அதில் குறிக்கப்பட்டிரா. அவற்றைக் குறித்துக் காட்டிய பின்னரே பேனாவை எடுப்பது நம் கடன்.